தங்கச்சியின் கடையில் மூன்று கிழமை

பலெர்மோவில் நான் முதலில் பார்த்தது பூட்டிய கடைகளைத்தான். மத்தியானம் இரண்டு மணி. ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ரயிலை விட்டு இறங்கி, தங்கச்சியின் கடை இருக்கும் அல்பெர்கேரியாவை நோக்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிறோம். வழி நெடுக இரும்புக் கதவுகள் இறக்கிக் கிடக்கின்றன. புடவைக் கடை, செருப்புக் கடை, இறைச்சிக் கடை, எல்லாம் மூடல்.

"என்ன பிள்ளை, இண்டைக்கு ஹர்த்தாலோ?" என்று கேட்டேன்.

சுகந்தி சிரித்தாள். "இல்லை அண்ணை. இஞ்சை ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான். ஒரு மணிக்குப் பூட்டிப்போட்டுப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பினம். பேந்து நாலு மணிக்குத்தான் திறப்பினம்."

"அப்ப அவசரத்துக்கு ஒரு நெருப்புப்பெட்டி வாங்கிறதெண்டால்?"

"அதுக்குத்தானே நான் இருக்கிறன்" என்றாள்.

சுகந்தி என் தங்கை. இருபத்திரண்டு வருடமாகப் பலெர்மோவில் இருக்கிறாள். பத்தொன்பது வருடம் வீடுகளில் துடைத்துக் கூட்டினாள். கடைசி மூன்று வருடமாகச் சொந்தமாக ஒரு சின்னக் கடை நடத்துகிறாள். கடை திறந்த நாளிலிருந்து, "ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ அண்ணை" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ஓய்வு பெற்றதும் வேறு சாட்டுச் சொல்ல வழி இருக்கவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கக் கடையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன். மண்ணெண்ணெய் அளந்து கொடுக்கும் பையனாகச் சேர்ந்து, கிளை மனேச்சராக வெளியே வந்தேன். வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் கோயிலையும் மலையையும் பார்ப்பார்கள். எனக்குக் கண் போவது அலுமாரித் தட்டுகளில்.

ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் திரும்பினோம். ஐந்து மாடிக் கட்டடங்களுக்கு நடுவே வானம் ஒரு நாடாவைப் போலத் தெரிந்தது. மேலே உடுப்புகள் காய்ந்தன. பூட்டிய கதவுகளுக்கு நடுவே ஒரே ஒரு கதவு திறந்திருந்தது. வாசலில் ஒரு பெட்டி எலுமிச்சை, ஒரு பெட்டி மரவள்ளிக் கிழங்கு. உள்ளே சுகந்தியின் மகள் நிலானி நின்றாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்.

"மாமா, போன்ஜோர்னோ! வாங்கோ, வாங்கோ!" என்று ஓடி வந்து பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

நான் நேரே உள்ளே போய், பழக்க தோஷத்தில் கவுண்டர் மேசைக்குப் பின்னால் கால் வைத்தேன்.

"அண்ணை, நில்லுங்கோ!" சுகந்தி கையைக் குறுக்கே நீட்டினாள். "அங்காலை போகாதேங்கோ. நீங்கள் விசிட் விசாவிலை வந்தனீங்கள். மேசைக்குப் பின்னாலை நிண்டாலோ, ஒரு சாமானைத் தூக்கி அடுக்கினாலோ வேலை செய்யிறியள் எண்டு பொலிஸ்காரர் எழுதிப்போடுவினம். என்ரை லைசென்சுக்குப் பிரச்சினை வரும். விளங்குதோ?"

ஒரு பிளாஸ்ரிக் கதிரையை எடுத்துக் கதவோரம் போட்டாள். "இதுதான் உங்கடை இடம்."

முப்பத்தொரு வருடம் கடைக்குள் நின்றவனுக்கு மூன்று கிழமை, அதாவது இருபத்தொரு நாள், கடைக்குள் சும்மா இருக்கவேண்டும் என்ற தண்டனை. அப்படித்தான் என் பயணம் தொடங்கியது.

மறுநாள் காலை முழுவதும் கதிரையில் இருந்து கடையைக் கண்ணால் தணிக்கை செய்தேன். எங்கள் சங்கக் கடையின் மண்ணெண்ணெய் அறையளவுதான் இருக்கும். ஆனால் இல்லாத சாமான் இல்லை. ஒரு பக்கம் பால், பாண், பாஸ்தா, தக்காளிக் களி, சவர்க்காரம், மாதா கோவிலுக்கு ஏற்றும் மெழுகுதிரி. மறுபக்கம் எங்கள் புளி, மாசிக் கருவாடு, அப்பளம், தேங்காய்ப்பால் தகரம், வறுத்த தூள். நடுவில் வங்காளிகளின் அரிசியும் ஆபிரிக்கர்களின் செம்மண் நிறப் பாமெண்ணெயும். பாரமான சாமான் கீழே. உடையக்கூடியது இடுப்புயரத்தில். இனிப்பு வகை சின்னப் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில். தாய்மாரை அழவைத்து விற்கும் தந்திரம் அவளிடம் இல்லை.

குறை கண்டுபிடிக்க வேண்டும் என்று தேடினேன். உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஆசையோடுதான் தேடினேன். கடைசியில் ஒன்று அகப்பட்டது. மீன் தகரங்களின் வரிசையில் ஒன்று மட்டும் முகம் திரும்பி நின்றது. சுகந்தி ஒரு கிழவருக்குப் பாண் வெட்டிக்கொண்டிருந்த நேரம், எட்டி ஒரு விரலால் அதைத் திருப்பினேன்.

"அண்ணை!" முதுகுக்குக் கண் இருந்திருக்க வேண்டும்.

கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அன்று காலை எட்டரை மணிக்கு ஒரு கூடை வானத்திலிருந்து இறங்கியது. எதிர்க் கட்டடத்தின் மூன்றாம் மாடி பல்கனியிலிருந்து யாரோ கயிற்றில் கட்டி இறக்கினார்கள். இதைப் பனாரு என்கிறார்கள். படி இறங்க முடியாத கிழவிகள் இப்படித்தான் சாமான் வாங்குகிறார்கள். கூடைக்குள் ஒரு கடதாசித் துண்டு. சுகந்தி வாசித்துப்போட்டுச் சிரித்தாள்.

"என்ன எழுதியிருக்கு?"

"'நேற்றுத் தந்த பாண் பல்லில்லாதவனுக்குச் சுட்ட பாண். எனக்குப் பல் இருக்கிறது. இன்றைக்கு மொறுமொறுப்பாகத் தா.' இது சினோரா கொன்செத்தா. எண்பத்தாறு வயசு. நான் கடை திறந்த புதிதிலை, வெளிநாட்டுக்காரியின்ரை கடையிலை வாங்கமாட்டன் எண்டு சொன்ன மனுசி. அரை வருசம் வாங்கேல்லை. பேந்து முழங்கால் ஏலாமல் போச்சு, கூடை இறங்கிச்சு. அண்டையிலிருந்து ஒவ்வொரு நாளும் ஒரு ஏச்சு எழுதி அனுப்புவா."

மேசைக்குக் கீழேயிருந்து ஒரு பிஸ்கட் தகரத்தை எடுத்துத் திறந்து காட்டினாள். அத்தனையும் கொன்செத்தாவின் துண்டுகள். ஒன்றையும் எறியவில்லை. நான் மனேச்சராக இருந்த காலத்தில் முறைப்பாட்டுக் கடிதம் வந்தால் மூன்று நாள் நித்திரை கொள்ளமாட்டேன். இவள் சேர்த்து வைத்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் மத்தியானம், ஊர் முழுக்கக் கதவை இறக்கியபின், ஒரு யப்பான் நாட்டுப் பெண் கடைக்குள் வந்தாள். முப்பது வயதிருக்கும். முதுகில் பை, முகமெல்லாம் வியர்வை. தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுத்தாள். பிறகு போகாமல் தட்டுத் தட்டாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்த்த விதம் எனக்குப் பிடித்துவிட்டது. திகதி பார்த்தாள், பின்வரிசையை எட்டிப் பார்த்தாள்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கணக்காய்வாளருக்குக் கடிதம் எழுதப் பழகியது. அதை வைத்துக்கொண்டு, "நீங்கள் கடை வைத்திருப்பவரா?" என்று கேட்டேன்.

"இல்லை. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சின்னக் கடையைத்தான் பார்ப்பேன்" என்றாள். பெயர் யூக்கோ. "எங்கள் நாட்டில் தெருவுக்குத் தெரு இப்படிக் கடைகள் இருக்கும். கொன்பினி என்போம். இரவு பகல் மூடுவதில்லை. குடை வாங்கலாம், பார்சல் அனுப்பலாம், சுடச்சுடச் சாப்பிடலாம். படிக்கிற காலத்தில் நானே ஒன்றில் வேலை செய்தேன். இந்த ஊரில் இரண்டு நாளாக மத்தியானத்தில் அலைகிறேன். திறந்திருந்த முதல் கடை இதுதான்."

அவ்வளவுதான், எனக்குக் கதிரை மறந்துவிட்டது. என்ன விற்பார்கள், எப்படி அடுக்குவார்கள், யார் கூட்டுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடற்பாசியில் சுற்றிய சோற்று உருண்டைதான் அங்கே அதிகம் போகுமாம்.

"மிஞ்சிய சோற்றை என்ன செய்வீர்கள்?"

"ஒவ்வொரு உருண்டையிலும் எத்தனை மணி வரைக்கும் விற்கலாம் என்று அச்சடித்திருக்கும். அந்த நேரம் வந்தால் எடுத்துவிடுவோம்."

"மணியா? திகதி இல்லையா?"

"மணி" என்றாள் பெருமையாக.

நான் எழுந்து நின்றுவிட்டேன். எங்கள் கடையில் பருப்பு மூட்டைக்கு நான் மாதக் கணக்குப் பார்த்தவன். இங்கே சோற்றுக்கு மணிக் கணக்குப் பார்க்கிறார்கள்!

சோற்று உருண்டை என்ற சொல் சுகந்தியின் காதில் விழுந்தது. "அது இஞ்சையும் இருக்கு. அண்ணை, மூலையிலை பொரிக்கிற கடை பூட்டியிராது. கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள்.

போனோம். அரஞ்சீனா என்று தோடம்பழம் அளவில், அதே ஆரஞ்சு நிறத்தில் ஒன்று தந்தார்கள். கடித்தால் உள்ளே மஞ்சள் சோறு, அதற்குள் இறைச்சியும் பட்டாணியும். யூக்கோ கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். "எங்கள் உருண்டைக்குச் சட்டை போட்டுப் பொரித்த மாதிரி" என்றாள். எனக்கு எங்கள் ஊர்த் தேத்தண்ணிக் கடை ரோல்ஸ் ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் உதடெல்லாம் எண்ணெயோடு தெருவில் நின்று சிரித்தோம். அவள் போகும்போது, "உங்கள் தங்கையின் கடையில் பாதைக்கு நடுவே ஒரு பெட்டிகூட இல்லை. கவனித்தீர்களா?" என்று கேட்டாள்.

கவனிக்கவில்லை. மூன்று நாளாகக் குறை தேடினவனுக்கு இல்லாத பெட்டி எப்படித் தெரியும்?

யூக்கோவைப் பார்த்தபின் எனக்கும் ஒரு தொழில் கிடைத்தது. காலையில் புட்டும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, ஊரில் உள்ள சின்னக் கடைகளைப் பார்க்கப் புறப்படுவேன். தொலைந்துபோனால் சொல்லவேண்டிய ஒரே ஒரு இத்தாலிய வசனத்தை நிலானி சொல்லித் தந்திருந்தாள்: "சோனோ இல் ஃபிரத்தெல்லோ தி சுகந்தி." நான் சுகந்தியின் அண்ணன்.

கபோ சந்தைப் பக்கம் ஒரு கடையில் உப்பில் அடுக்கிய நெத்தலியை மட்டும் விற்றார்கள். இன்னொன்றில் பத்து வகை ஒலிவ் காய். வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் சாப்பிடாத எனக்குப் பனெல்லே கை கொடுத்தது. கடலை மாவைக் கிளறித் தகடாக வெட்டிப் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். உப்புக் கொஞ்சம் அதிகம், மற்றபடி கடலை வடையின் ஒன்றுவிட்ட சகோதரம். தபாக்கி என்று கறுப்புப் பலகை தொங்கும் கடையில் சுருட்டு, முத்திரை, பஸ் டிக்கெட் மூன்றும் வாங்கலாம்.

அந்த பஸ் டிக்கெட்டால்தான் வம்பு வந்தது. கடலைப் பார்க்கலாம் என்று ஒருநாள் போக ஒன்றும் வர ஒன்றுமாக டிக்கெட் வாங்கி, கசங்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். பாதி வழியில் பரிசோதகர் ஏறினார். டிக்கெட்டை மடிப்புக் கலையாமல் நீட்டினேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னவோ கேட்டார். ஏறியவுடன் பஸ்ஸுக்குள் இருக்கும் பெட்டியில் அதைக் குத்தவேண்டுமாம். எனக்கு எப்படித் தெரியும்? முன்னால் இருந்த ஒரு கிழவர் எனக்காக வாதாடத் தொடங்கினார். பின்னால் இருந்த ஒருவர் பரிசோதகர் பக்கம். ஐந்து நிமிடத்தில் பஸ் முழுவதும் இரண்டு கட்சி.

எனக்குத் தெரிந்த ஒரே வசனத்தைச் சொன்னேன். "சோனோ இல் ஃபிரத்தெல்லோ தி சுகந்தி."

கடைசி ஆசனத்தில் இருந்து ஒரு பெண் எழும்பினாள். மீன் பை கையில். "சுகந்தி! அல்பெர்கேரியா சுகந்தியா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அவள் முன்னே வந்து பரிசோதகருக்கு ஏதோ நீளமாகச் சொன்னாள். அவர் பேனையை எடுத்து டிக்கெட்டில் திகதியும் நேரமும் எழுதி, என்னிடமே தந்துவிட்டு இறங்கிப்போனார்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் சுகந்தியை எல்லோரும் "மனேச்சரின்ரை தங்கச்சி" என்றுதான் சொல்வார்கள். அந்த பஸ்ஸில் நான் முதல் தடவையாக அவளுடைய அண்ணனாக இருந்தேன். கடலைப் பார்க்க மறந்து, திரும்பி வரும் பஸ்ஸில் ஏறினேன். மற்ற டிக்கெட்டைக் குத்தினேன்.

அன்று பின்னேரம், கடையில் ஆள் இல்லாத நேரம், சுவரில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு பத்திரத்தை நிலானியிடம் காட்டி என்னவென்று கேட்டேன்.

"அது அம்மான்ரை சோதனைச் சேர்ட்டிபிக்கேட், மாமா. சாப்பாட்டுச் சாமான் விக்கிறதெண்டால் கோர்ஸ் படிச்சு எசாமே எழுதவேணும். எல்லாம் இத்தாலியன் பாசையிலை. அம்மா ஒரு சினோரா வீட்டிலை அயன் பண்ணேக்கை, பலகையிலை புத்தகத்தை வைச்சுப் படிச்சவ. நான்தான் கேள்வி கேக்கிறது. முதல்தரம் ஃபெயில். கழிவறைக்குள்ளை போய் அழுதவ. இரண்டாந்தரம் வகுப்பிலை முதலாவது!"

நான் அந்தப் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிலானிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்.

இத்தாலிக்குப் போவதற்கு முதல் வருடம், எங்கள் சங்கக் கடையில் விற்பனையாளர் வேலை ஒன்று விழுந்தது. சுகந்தி விண்ணப்பம் எழுதிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தாள். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. நான் அதை வாசிக்கவும் இல்லை. "உனக்குக் கணக்கும் வராது, பொறுமையும் இல்லை. கடை உனக்குச் சரிவராது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். உண்மையான காரணம் வேறு. மனேச்சர் தங்கச்சிக்கு வேலை கொடுத்தான் என்று ஊர் கதைக்கும் என்ற பயம். அதைச் சொல்லியிருந்தால் அவளுக்கு விளங்கியிருக்கும். நான் அவளைக் குறை சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பிறகு ஒரு நாளும் கதைத்ததில்லை.

இரண்டாவது கிழமை, புதன்கிழமை. எட்டரை ஆயிற்று, எட்டே முக்கால் ஆயிற்று, கூடை இறங்கவில்லை.

சுகந்தி வாசலுக்கு வந்து மேலே பார்த்தாள். பல்கனிக் கதவு சாத்தியிருந்தது. "சினோரா! சினோரா கொன்செத்தா!" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. தொலைபேசியில் அழைத்தாள். மேலே மணி அடிப்பது எங்களுக்கே கேட்டது. எடுக்க ஆளில்லை.

"அவ இந்த நேரம் குளிக்கிறாவோ என்னவோ" என்றேன்.

"இல்லை அண்ணை. காய்ச்சல் எண்டாலும் கூடை வரும்." மேசை லாச்சியைத் திறந்து ஒரு திறப்பை எடுத்தாள். கொன்செத்தா அவளிடம் கொடுத்து வைத்திருந்த வீட்டுத் திறப்பு. "காஸ் மணம் வந்தால் மட்டும் வா, வேறு எதற்கும் வராதே" என்று எழுதிக் கொடுத்திருந்தாளாம். சுகந்தி அதை மறந்துவிட்டு ஓடினாள்.

இரண்டு நிமிடத்தில் பல்கனியிலிருந்து அவளுடைய குரல் ஒழுங்கை முழுவதும் கேட்டது. கிழவி குளியலறையில் விழுந்து கிடக்கிறாள், உயிர் இருக்கிறது, அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். சந்தையில் ஒலிவ் காய் விற்கிற எதிர் வீட்டுப் பினா கையில் பிடித்திருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள்.

அம்புலன்ஸ் ஒழுங்கைக்குள் வரமுடியாது. ஆட்கள் கதிரையோடு நடந்து வந்தார்கள். மூன்று மாடிப் படியால் கொன்செத்தாவைத் தூக்கி இறக்கினார்கள். முகம் மெழுகாக வெளுத்திருந்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை. தூக்கின பையன்களை ஏசிக்கொண்டே வந்தாள். ஒரு கை மட்டும் சுகந்தியின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது. கிழவியின் மகன் வடக்கே தூரத்தில் இருக்கிறான். எந்த மருந்து, எத்தனை வேளை, எது ஒத்துவராது, எல்லாம் சுகந்திக்குத்தான் தெரியும். மருந்துக்கடையில் வாங்கி அந்தக் கூடையில் போட்டு அனுப்புவது அவள்தானே.

"நான் கூடப் போறன்" என்று ஒழுங்கை முனையில் இருந்து திரும்பிக் கத்தினாள். "அண்ணை, கடையைப் பூட்டாதேங்கோ! சனம் பாலுக்கு வரும்! நீங்கள் தொடாதேங்கோ, பினா பாத்துக்கொள்ளுவா!"

போய்விட்டாள். நிலானிக்குப் பரீட்சை, தொலைபேசி நிறுத்தி வைத்திருக்கிறாள். சுகந்தியின் கணவர் ஒரு ஹோட்டல் சமையலறையில். திறந்த கடை, நான், ஒரு கதிரை.

பினா ஏப்ரனோடு வந்து மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பிறகு நடந்ததை நான் யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். பாமெண்ணெய் வாங்க வந்த ஆபிரிக்கப் பெண் ஒருத்தி, செய்தியைக் கேட்டுத் தன் பையைக் கீழே வைத்துவிட்டுத் தராசுக்குப் போனாள். பாண் வாங்க வருகிற கிழவர் கத்தியை எடுத்தார். வருகிறவர்கள் தாங்களே எடுத்து, தாங்களே விலை பார்த்து, பினாவிடம் கொடுத்து, "சுகந்தி எங்கே? சினோரா எப்படி?" என்று கேட்டுப் போனார்கள். முப்பத்தொரு வருடம் கூட்டுறவு என்று பெயர்ப்பலகை மாட்டிய கடையில் இருந்தவன் நான். மேசைக்கு அங்கால் ஒரு வாடிக்கையாளரைக்கூட விட்டதில்லை.

பத்தரைக்குப் பால் வண்டி வந்தது. ஆறு பெட்டி. வெய்யில் வாசலைத் தொட்டுவிட்டது. பினா ஒரு பெட்டியைத் தூக்கிக் குளிர்பெட்டியைத் திறந்து, புதுப் பாலை முன்னுக்கு அடுக்கத் தொடங்கினாள்.

கதிரை நுனிக்கு வந்தேன். பழசு பின்னால் போய்விடும். இரண்டு நாளில் புளிக்கும். யாராவது குடித்தால் சுகந்தியின் பெயர்! கையைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், "நோ, நோ" என்றேன். பினா சிரித்துவிட்டு இன்னும் இரண்டை முன்னுக்கு வைத்தாள்.

தாங்க முடியவில்லை. எழும்பிப் போய்ப் புதியதை எல்லாம் வெளியே எடுத்து, பழையதை முன்னுக்கு இழுத்து அடுக்கத் தொடங்கினேன். கை தன்பாட்டில் வேலை செய்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பத்து நிமிடம் எனக்கு நாற்பது வயது.

இரண்டு சீருடைக்காரர் உள்ளே வந்தார்கள்.

இரண்டு கையிலும் இரண்டு இரண்டு பால் பாக்கெட். அப்படியே நின்றேன். சுகந்தியின் லைசென்ஸ், சுவரில் தொங்கும் பத்திரம், அயன் பலகையில் வைத்த புத்தகம், எல்லாம் கண்ணுக்கு முன்னால் ஓடியது. மூத்தவர் என்னைக் காட்டிப் பினாவிடம் ஏதோ கேட்டார். பினா கையை விரித்துப் பெரிய குரலில் பதில் சொன்னாள். அவர் என் கையைப் பார்த்தார். மறுபடி கேட்டார். பினா மறுபடி சொன்னாள். கடையில் நின்ற எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

பிறகு நிலானி பினாவிடம் கேட்டு எனக்குச் சொன்னது இது:

"யார் இவர்?"

"சுகந்தியின் அண்ணன். பால் வாங்க வந்தவர்."

"நான்கு பாக்கெட்டா?"

"அவர்கள் நாட்டில் பால் நிறையக் குடிப்பார்கள்."

வாங்கியவன் கடைக்குள் நிற்கக்கூடாதே. பினா கண்ணைக் காட்ட, நான் நான்கு பாக்கெட்டோடும் வெளியே போய் ஒழுங்கை மூலையில் நின்றேன். சீருடைக்காரர் இருவரும் ஆளுக்கொரு குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் வாங்கிக்கொண்டு, அதே மூலையால் திரும்பிப் போனார்கள். வந்ததே தண்ணீருக்குத்தான். இளையவர் என்னைக் கடக்கும்போது, பாலைப் பார்த்து, "நல்லாயிருக்குமா?" என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். நான் ஒரு பாக்கெட்டைத் திறந்து அவர் முன்னாலேயே குடித்தேன். வேறு என்ன செய்வது?

சுகந்தி நாலரை மணிக்குத் திரும்பினாள். கொன்செத்தாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. அடுத்த நாள் சத்திரசிகிச்சை. இன்னும் சில மணி நேரம் அப்படியே கிடந்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்று டொக்டர் சொன்னாராம். பினாவைக் கட்டிப்பிடித்தாள், தராசில் நின்றவளைக் கட்டிப்பிடித்தாள். எல்லோரும் போனபின் தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தாள்.

திறந்தபடியே நின்றாள்.

"ஆர் பாலை அடுக்கினது?"

நான் கதிரையில் இருந்து கூரையைப் பார்த்தேன்.

"பழசு முன்னுக்கு, புதுசு பின்னுக்கு. முகம் எல்லாம் ஒரே பக்கம்" என்றாள் மெதுவாக. "பினா இப்பிடி அடுக்கமாட்டா."

"பிள்ளை, பால் வெய்யிலிலை..."

"அண்ணை, நான் ஆரிட்டை இதைப் பழகினனான் எண்டு தெரியுமோ? கோர்ஸிலை இல்லை. உங்கடை சங்கக் கடையிலை. அம்மாவுக்குச் சீனி வாங்க வந்தால் மேசைக்கு வெளியிலை நிண்டு பாத்துக்கொண்டிருப்பன். நீங்கள் மா மூட்டையை எப்பிடி அடுக்கிறியள், பருப்புப் பெட்டியிலை பழசை எப்பிடி மேலை எடுக்கிறியள், எல்லாம் பாத்தனான். அந்த வேலைக்கு எழுதிப் போடேக்கை எனக்கு எல்லாம் தெரியும். நீங்கள் கேக்கேல்லை."

கதிரையை விட்டு எழும்பினேன். இருபத்துமூன்று வருடம்.

"நான் அண்டைக்குச் சொன்னது பிழை, பிள்ளை" என்றேன். "உனக்குக் கணக்கு வராதெண்டு இல்லை. ஊர் கதைக்கும் எண்டு பயந்தனான். உன்னிலை ஒரு பிழையும் இருக்கேல்லை."

அவள் ஒரு பால் பாக்கெட்டை எடுத்துக் கொஞ்சம் நகர்த்தி, திரும்ப அதே இடத்தில் வைத்தாள்.

"இதைக் கேக்கத்தான் உங்களைக் கூப்பிட்டனான், அண்ணை. கேட்டிட்டன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தேத்தண்ணி போடவோ?"

"போடு" என்றேன்.

மிச்ச நாட்கள் பறந்து போயின. கொன்செத்தாவுக்குச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. நாங்கள் பார்க்கப் போனோம். கட்டிலில் இருந்தபடியே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சுகந்தியிடம் ஏதோ சொன்னாள். நான்கு பாக்கெட் பால் குடிக்கிறவன் ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறான் என்று கேட்டாளாம். செய்தி ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருக்கிறது.

திரும்பும்போது, கொழும்புக்கு வரும் விமானத்தில் பக்கத்து ஆசனத்தில் ஒரு வவுனியாக்காரர். மகனைப் பார்த்துவிட்டு வருகிறார். சாப்பாடு வந்தபின் பேச்சு வந்தது. "தங்கச்சி அங்கை என்ன செய்யிறா?" என்று கேட்டார்.

இருபது வருடமாக இந்தக் கேள்விக்கு நான் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். "ஒரு கொம்பனியிலை வேலை." ஊரில் எந்தக் கலியாண வீட்டில் கேட்டாலும் அதுதான். எந்தக் கொம்பனி என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்று உடனே கதையை மாற்றிவிடுவேன். வீடு கூட்டுகிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை. கடை திறந்தபிறகும், பழக்கத்தில், அதையே சொன்னேன்.

"பத்தொன்பது வருசம் வீடுகளிலை கூட்டித் துடைச்சவ" என்றேன். "இப்ப கடை."

"கடையிலையோ? ஆரின்ரை கடையிலை?"

"அவளின்ரை கடை" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.